நான்காம் கவுன்ட்டருக்குப் போன விரல்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஜொவிட்டாவின் வலது கைக் கட்டை விரல் அதிகாரபூர்வமாக ஓர் ஆணுக்குச் சொந்தமாயிற்று. அந்த ஆணுக்கு வயது நாற்பத்தாறு. பெருங்குடியில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மீசை உண்டு.

ஜொவிட்டா அதற்கு முன்னால் அவரைப் பார்த்ததே இல்லை.

அவள் சாந்தோம் பெண். அடையாறில் ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆறு வருஷமாகத் தற்காலிக வேதியியல் ஆசிரியை. போன வாரம்தான் நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியானது. தலைமையாசிரியை சிஸ்டர் மர்சலின் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெய்மைச் சான்று வாங்கிட்டு வந்துடு ஜொவி. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள என் மேசைக்கு வந்தாகணும். இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த பொண்ணுக்கு லெட்டர் போயிடும். டைப் பண்ணி கவர்ல போட்டு வெச்சிருக்காங்க. என் கையில எதுவும் இல்லம்மா."

மெய்மைச் சான்று என்பது, பள்ளியில் வேலை பார்க்கிற எவரும் தான் வேறு யாரோ அல்ல, தானேதான் என்று நிரூபித்து வாங்க வேண்டிய ஒரு தாள். தலைமையாசிரியருக்கும் வேண்டும், வாசல் பெருக்குகிறவருக்கும் வேண்டும். கொடுப்பது பள்ளிப் பணியாளர் மெய்மை ஆணையம். தி.நகரில், பாண்டி பஜாரின் புடவைக் கூட்டத்தை நீந்திக் கடந்து இடது பக்கம் திரும்பினால் வரும் மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் உண்டு. அதற்குள் இணை ஆணையர் மட்டும் உண்டு.

தரைத்தளத்தில் ஐந்து கவுன்ட்டர்கள். ஐந்துக்கும் ஐந்து ரேகை இயந்திரங்கள் வாங்கப்பட்டிருந்தன. ஆனால் தொடக்க விழா அன்று மேடையில் இருந்த நான்கு பிரமுகர்களுக்குக் கொடுக்க வேண்டிய குத்துவிளக்குகள் கடையிலிருந்து வந்து சேரவில்லை. கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தார்கள். பொன்னாடையோடு சேர்த்து ஆளுக்கொரு ரேகை இயந்திரம் வழங்கப்பட்டது. பலத்த கைதட்டல்.

மிச்சம் ஒன்று. அதைக் கீழே வைத்தால் பொதுமக்கள் கை வைத்துவிடுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. எனவே மூன்றாம் மாடியில், ஏ.சி. போட்ட சர்வர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

கீழே இருக்கும் ஐந்து கவுன்ட்டர்களும் மேலே இருக்கும் ஒற்றை இயந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது? அதற்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. இயந்திரத்தின் யு.எஸ்.பி. வாலை அதில் செருகிவிட்டால், ஆபீஸ் நெட்வொர்க் கம்பி வழியாக எந்த மாடியில் இருக்கிற கம்ப்யூட்டரும் அந்த இயந்திரம் தன் பக்கத்திலேயே இருப்பதாக நம்பும். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் நம்ப முடியும். பெட்டியை மாட்ட வந்தவர் இதை மூன்று முறை சொன்னார். எழுதியும் கொடுத்தார். இணை ஆணையர் ஸ்ரீகிருஷ்ணா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இயந்திரத்தின் மீது ஐந்து கவுன்ட்டர்களுக்கும் சம உரிமை உண்டு என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதோடு பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு சின்னச் சிக்கல் பாக்கி இருந்தது. இயந்திரத்தைக் கம்பி வழியாகக் கீழே கொண்டு வந்துவிட்டார்கள். விரலைக் கம்பி வழியாக மேலே கொண்டு போக முடியவில்லை. விரல் வர வேண்டுமானால் கூடவே ஆளும் வருவார். சர்வர் அறைக்குள்ளோ வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.

சட்ட ஆலோசனை கேட்டார்கள். பதினெட்டுப் பக்கத்தில் பதில் வந்தது. மணிக்கட்டு வரை உள்ளே வருவது நுழைவு ஆகாது, மணிக்கட்டைத் தாண்டினால் அத்துமீறல்.

சர்வர் அறைக் கதவில் தபால் பெட்டி மாதிரி ஒரு துவாரம் வெட்டப்பட்டது.

ஜொவிட்டா மூச்சு வாங்க மூன்றாம் மாடி ஏறி வந்தபோது, அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அலுவலக உதவியாளர் கபாலி. கையில் தினசரி. குறுக்கெழுத்துப் போட்டியில் பாதி முடித்திருந்தார்.

"இன்னாம்மா, வளையல கயட்டு. மாட்டிக்கும். போன வாரம் ஒரு பி.டி. மாஸ்டர் கையி மாட்டிக்கினு, கார்பென்டர் வந்துதான் எட்த்தாரு."

ஜொவிட்டா வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். துவாரத்துக்குள் கையை விட்டாள். உள்ளே மார்கழிக் குளிர்.

"மெஷின் எங்க இருக்குன்னு தெரியலையே?"

"தடவிப் பாரு. சில்லுனு கண்ணாடி மாரி கீதா? அதான். சூடா இருந்தா அது கறுப்புப் பொட்டி, அத்தத் தொடாத. ஆங், மணிக்கட்டு! மணிக்கட்டு! அதுக்கு மேல போனா நான் எய்தி வெக்கணும்."

கண்ணாடி தட்டுப்பட்டது. கட்டை விரலை அழுத்தினாள். உள்ளே எங்கோ ‘பீப்’ என்றது.

"போச்சு," என்றார் கபாலி, குறுக்கெழுத்திலிருந்து தலை தூக்காமல்.

"எங்க போச்சு?"

"கீய. அஞ்சு பேர்ல யாரு முதல்ல அமுக்கினாங்களோ அவங்களாண்ட."

"நான் ரெண்டாவது கவுன்ட்டர் சார்."

"அது உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். பொட்டிக்கு எப்டிம்மா தெரியும்?"

ஜொவிட்டா நாலு நாலு படியாக இறங்கி ஓடினாள்.

இரண்டாம் கவுன்ட்டரில் சுப்புலக்ஷ்மி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரிலிருந்து வருகிறவள், கவுன்ட்டருக்கு வந்து எட்டு மாதம், இன்னும் பொறுமை மிச்சம் இருந்தது.

"உங்க ரேகை வரலையேம்மா. நான் கனெக்ட், கனெக்ட்னு அழுத்திண்டே இருக்கேன். ‘பயன்பாட்டில் உள்ளது’ன்னே சொல்லிண்டிருக்கு."

அதே கணத்தில் நான்காம் கவுன்ட்டரிலிருந்து ஒரு வெற்றிக் குரல் எழுந்தது.

"அப்துல் சமத்! ரேகை வந்தாச்சு. பளிச்சுன்னு விழுந்திருக்கு!"

நான்காம் கவுன்ட்டர் முன்னால் காக்கிச் சட்டையோடு நின்ற மனிதர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"சார், நான் இன்னும் படியே ஏறல."

"ஏறாம எப்படி வரும்? வந்திருக்குல்ல?"

"சத்தியமா ஏறல சார். முட்டி வலி. நீங்க கூப்ட்டதும் ஏறலாம்னு இங்கயேதான் நிக்கிறேன்."

"அப்ப ஏறினதை மறந்துட்டீங்க," என்றார் நான்காம் கவுன்ட்டர், பரிவோடு. "அடுத்து சரிபார்ப்பு ரேகை. இதே விரலை இன்னொரு தரம் வெச்சா சான்று பிரிண்ட் ஆயிடும்."

ஜொவிட்டா மறுபடி மூன்று மாடி ஏறினாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை இரண்டாம் கவுன்ட்டருக்கே சரியாகப் போய்ச் சேர்ந்தது. இறங்கி வந்தபோது சுப்புலக்ஷ்மி திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

‘இந்த விரல் அப்துல் சமத், ஆண், ஓட்டுநர் என்பவருக்குச் சொந்தமானது. பிறர் விரலைப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது.’

மணி பன்னிரண்டே கால்.

இணை ஆணையர் ஸ்ரீகிருஷ்ணாவின் அறையில் தேக்கு மேசை இருந்தது. அதன் மேல் ஆணையத்தின் முத்திரை பொறித்த ஒரு குத்துவிளக்கும் இருந்தது. நான்கு விளக்குகள் பின்னால் வந்து சேர்ந்தபோது, ஒன்றை அவர் பாதுகாப்பில் வைத்துக்கொண்டார். ஜொவிட்டா சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திறந்தார்.

"அம்மா, இந்த ஆணையம் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை எங்கள் பதிவேட்டில் ஒரு தவறுகூட நிகழ்ந்ததில்லை. ஏன் தெரியுமா? தவறு என்று பதிவு செய்ய எங்கள் மென்பொருளில் இடமே வைக்கவில்லை. வேறு எந்தத் துறையாவது இப்படி மார்தட்டிச் சொல்ல முடியுமா?"

"சார், ஆனா இந்த விரல் என் கையில இருக்கு."

"இருக்கலாம். அது இருப்பிடம். நாங்கள் பார்ப்பது உரிமை."

ஜொவிட்டா விரலைப் பார்த்தாள். ஆறு வருஷமாகச் சோதனைக் குழாய் பிடித்த விரல். ஒரு பக்கம் அமிலம் பட்ட தழும்பு. சந்தேகமே இல்லாமல் அவளுடையது மாதிரிதான் இருந்தது.

"இதைத் திருத்த ஒரு வழியும் இல்லையா சார்?"

"ஏன் இல்லை? விரல் மீட்பு மனு இருக்கிறது. படிவம் பதினொன்று. உரிமையாளர் அப்துல் சமத் நேரில் வந்து, அந்த விரலை வைத்து, ‘இது என் விரல் அல்ல’ என்று ஒப்புதல் தர வேண்டும்."

"அந்த விரலை அவர் எப்படி சார் வைப்பார்? அது என்கிட்டல்ல இருக்கு?"

"அப்படியானால் நீங்கள் வைக்கலாம். ஆனால் நீங்கள் வைத்து அது பொருந்திவிட்டால், நீங்கள்தான் அப்துல் சமத் என்று ஆகிவிடும். அப்துல் சமத் எப்படி ஜொவிட்டா பெயரில் விண்ணப்பித்தார் என்று நான் போலீசுக்கு எழுத வேண்டி வரும். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன், வைக்காதீர்கள்."

"மனுவுக்கு எத்தனை நாள் ஆகும் சார்?"

"நாற்பத்தைந்து வேலை நாள். அவசரம் என்று மேலே எழுதினால் அறுபது. அவசர மனுக்கள் தனிப் பிரிவுக்குப் போகும்."

வெளியே படிக்கட்டில் அந்தக் காக்கிச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். முட்டியைத் தடவிக்கொண்டே தலை நிமிர்த்தினார்.

"நீங்கதானா டீச்சரம்மா அந்த வெரலு? நான்தான் அப்துல் சமத். மன்னிச்சுக்கோங்க, நான் கேக்கல. அவங்களாத்தான் குட்த்தாங்க."

"உங்க மேல என்னங்க தப்பு."

"சரிபார்ப்புக்கு என் வெரல வெச்சேன். பொருந்தல, நீ யாருன்னு கேக்குறாங்க. என் பேரச் சொன்னா, அவரு ஏற்கெனவே வந்துட்டாருன்றாங்க. திங்கக்கெழம இந்தச் சான்று இல்லன்னா ஸ்கூல்ல வேன் சாவியைக் குடுக்க மாட்டாங்கம்மா. இருபத்திரண்டு புள்ளைங்க. பதினோரு வருஷமா ஓட்டுறேன்."

ஜொவிட்டாவும் அதே படியில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து கவுன்ட்டர்களும் மூடின. இரண்டரைக்குத் திறக்க வேண்டியவை மூன்றுக்குத் திறந்தன. மூன்று ஐந்துக்கு கபாலி டீ வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். அவர்களைப் பார்த்து நின்றார்.

"இன்னா நைனா, ரெண்டு பேரும் எழவு வூட்டுல குந்திக்கின மாரி குந்திக்கினு கீறீங்க?"

சொன்னார்கள். கபாலி ஒரு வாய் டீ குடித்தார்.

"இதுல இன்னா கீது? இந்தம்மா வெரல உனுக்குக் குட்த்தாச்சு. அத்தத் திருப்ப முடியாது. உன் வெரலு சும்மாதான கீது? அத்த இந்தம்மா பேர்ல போட்டுடு. அப்பால சரிபார்ப்புக்கு உனுக்கு அவங்க வெக்கட்டும், அவங்களுக்கு நீ வையி. மெஷினுக்கு வெரலு மேச்சு ஆனா போதும். ஆளு மேச்சு ஆவணும்னு எவன் கேட்டான்?"

"இது தப்பில்லையா?" என்றாள் ஜொவிட்டா.

"காலைலேர்ந்து கரீட்டாத்தான செஞ்ச? இன்னா ஆச்சு?"

மணி மூன்று இருபது. கவரில் போட்டு வைத்த லெட்டர் ஜொவிட்டாவின் கண் முன்னால் வந்து நின்றது.

"வாங்க பாய்," என்று எழுந்தாள்.

பெட்டியின் குணத்தை ஆணையத்தில் கபாலி ஒருவர்தான் முழுசாகப் புரிந்துகொண்டிருந்தார். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சு! எல்லாம் கைய எடு! சுப்பக்கா, நீ மட்டும் அமுக்கு!"

அப்துல் சமத் துவாரத்துக்குள் கையை விட்டார். பீப்.

கீழே சுப்புலக்ஷ்மியின் திரையில் ஒரு தடித்த கட்டை விரல் ரேகை ஜொவிட்டாவின் பெயருக்குப் பக்கத்தில் விழுந்தது. ஸ்டியரிங் தேய்த்துப் பாதி வரிகள் மழுங்கிப்போன ரேகை. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஜொவிட்டாவை ஒரு முறை பார்த்தாள்.

"கொஞ்சம் பருமனா இருக்கே."

ஜொவிட்டா தன் கட்டை விரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு என்னம்மா, திரையில வர்றதுதான். மாடியில யார் கை வெச்சான்னு எட்டிப் பாக்கற அதிகாரம் எனக்கு இல்லை. கேட்டு எழுதிப் போட்டேன், அதுக்கும் எட்டு மாசம் ஆறது." அடுத்த பொத்தானை அழுத்தினாள். "சரிபார்ப்பு ரேகைக்குப் போகச் சொல்லுங்கோ. யார் போகணுமோ அவாளை."

மூன்று ஐம்பத்தைந்துக்குச் சான்று வந்தது. ‘மேற்படி ஜொவிட்டா மெய்யாகவே ஜொவிட்டாதான் என இதன் மூலம் உறுதி செய்யப்படுகிறது.’ பக்கத்தில் அவள் போட்டோ. கீழே அப்துல் சமத்தின் கட்டை விரல். நான்காம் கவுன்ட்டரில் அவளுடைய விரலோடு அப்துல் சமத்தின் சான்றும் வந்தது. இணை ஆணையர் இரண்டிலும் பச்சை மையில் கையெழுத்திட்டார். நூற்றுக்கு நூறு பொருத்தம் என்று திரை சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆட்டோ நந்தனம் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஜொவிட்டா சிஸ்டர் மர்சலின் மேசையில் தாளை வைத்தாள். சிஸ்டர் கவரிலிருந்த லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அவ்வளவுதான் என்று ஜொவிட்டா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அம்மா தனியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

திங்கட்கிழமை காலை எட்டு இருபத்தைந்து. பள்ளி வராந்தாவில் வருகைப்பதிவு இயந்திரம் ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. ஆணையத்தின் பதிவேட்டோடு கம்பி போட்டு இணைத்தது. அவள் விரலை வைத்தாள்.

‘வணக்கம், அப்துல் சமத். தங்கள் பணியிடம் பெருங்குடி. தவறான பள்ளிக்கு வந்துள்ளீர்கள்.’

போன் அடித்தது. பெருங்குடியிலிருந்து அப்துல் சமத்.

"டீச்சரம்மா, இந்த மெஷினு என்ன ஜொவிட்டான்னு கூப்புடுது. அடையாறுக்குப் போவச் சொல்லுது. புள்ளைங்கள்லாம் சிரிக்குதும்மா."

தொடர்ந்து மூன்று நாள் வருகை பதியாவிட்டால் பணி தானாக ரத்தாகும் என்று நியமன ஆணையில் எட்டாவது பத்தியில் இருந்தது. முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் இருவரும் தி.நகருக்கு ஓடி, ஸ்ரீகிருஷ்ணாவின் காலில் விழாத குறையாக நின்றார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள்.

அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"நீங்கள் சொல்வது உண்மை என்று என்னால் நம்ப முடியும். ஆனால் மெய்மைச் சான்றில் பொய் இருக்க முடியாது. இருந்தால் அது மெய்மைச் சான்று ஆகாது. அப்படி ஆனால் இந்த ஆணையம் எதற்கு? அந்த வழியில் நாம் போகக் கூடாது."

"அப்ப எங்க வேலை சார்?"

"அதற்குத்தானே தொழில்நுட்பம் இருக்கிறது!" அவர் முகம் மலர்ந்தது. "கபாலி, அந்தக் கறுப்புப் பெட்டியில் இன்னும் இரண்டு வாங்கச் சொல்."

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, பணி ரத்தாக அரை மணி இருக்கும்போது, அடையாறு பள்ளி வராந்தாவில் ரிப்பன் கட்டியிருந்தது. அடையாறு இயந்திரம் ஒரு பெட்டியில் செருகப்பட்டு, ஆணையத்தின் கம்பி வழியாகப் பெருங்குடி பள்ளியின் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக்கப்பட்டது. பெருங்குடி இயந்திரம் அதே போல அடையாறுக்கு. இரண்டு பள்ளிகளிலும் மற்றவர்கள் பழையபடி நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று உத்தரவாயிற்று. இனி ஜொவிட்டா அடையாறில் விரல் வைத்தால் பெருங்குடியில் அப்துல் சமத் வந்துவிடுவார். அப்துல் சமத் பெருங்குடியில் வைத்தால் அடையாறில் ஜொவிட்டா வந்துவிடுவாள்.

ஸ்ரீகிருஷ்ணா ரிப்பனை வெட்டி மைக்கைப் பிடித்தார்.

"விரல் ஓரிடத்திலும் மனிதர் வேறிடத்திலும் இருந்தால் என்ன செய்வது என்று மற்ற துறைகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன. நாம் நிற்கவில்லை. இருவர் தவறான விரலோடு வந்தார்கள். அவர்களைத் திருத்தினோமா? இல்லை. இரண்டு பள்ளிகளைத் திருத்தினோம். குடிமகனின் ஒரு விரலுக்காக ஓர் அரசு ஆணையம் இவ்வளவு தூரம் கம்பி இழுத்த வரலாறு உண்டா?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். சிஸ்டர் மர்சலின் சிலுவை போட்டுக்கொண்டார். எட்டு இருபத்தெட்டுக்கு ஜொவிட்டா விரலை அழுத்தினாள். அரை நிமிஷத்தில் ஆபீஸ் திரையில் அவள் பெயருக்கு நேராகப் பச்சை விழுந்தது. பெருங்குடியில் அப்துல் சமத் வைத்திருந்தார்.

வேலை நிலைத்தது. நிரந்தரம்.

அதன் பிறகு இருவரும் தினமும் காலையில் போனில் பேசிக்கொண்டார்கள். "கெளம்பிட்டீங்களா பாய்?" "துரைப்பாக்கம் சிக்னல்ல கீறேன், நீங்க?" ஒருவருக்கு ஜலதோஷம் என்றால் இன்னொருவருக்குக் கவலை வந்தது. ஜொவிட்டா காய்ச்சலில் படுத்த அன்று, இருபத்திரண்டு பிள்ளைகளோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்துல் சமத்துக்கு ஆப்சென்ட் விழுந்தது. அவர் விரல் வைத்ததால், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஜொவிட்டா நேரத்துக்குப் பள்ளிக்கு வந்திருந்தாள். இதை விளக்கி இரண்டு பள்ளிகளும் ஆணையத்துக்கு எழுதின. ஒருவர் விடுப்பு எடுக்கும்போது மற்றவரும் எடுப்பது பதிவேட்டுக்கு நல்லது என்று பதில் வந்தது.

இரண்டாம் மாதம் ஒரு புதன்கிழமை மாலை அப்துல் சமத் போன் செய்தார். குரலில் சந்தோஷம், கொஞ்சம் தயக்கம்.

"டீச்சரம்மா, ஆம்பூர்ல என் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். வெள்ளி, சனி ரெண்டு நாள் நான் போயே ஆவணும். நீங்க ரெண்டு நாள் லீவு போடுறீங்களா?"

"பன்னிரண்டாவதுக்கு பிராக்டிகல் இருக்கே பாய்."

"நான் மூத்த மாமன்மா. நான் இல்லாம எப்டி?"

ஜொவிட்டா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

மறுநாள் காலை சிஸ்டர் மர்சலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த விடுப்புக் கடிதத்தைப் படித்தார். ‘ஆம்பூரில் என் தங்கை மகளின் நிக்காஹ் நடைபெற உள்ளதால், மூத்த மாமன் என்ற முறையில் நான் அவசியம் கலந்துகொள்ள வேண்டியிருப்பதால், இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த இரு நாட்களும் வழக்கம்போல் வந்து பிராக்டிகல் நடத்தித் தருவேன். இப்படிக்கு, ஜொவிட்டா.’

சிஸ்டர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

"பொண்ணு பேரு என்ன?"

"தெரியல சிஸ்டர். கேட்டுச் சொல்றேன்."

"கேட்டு வை. ஜெபத்துல சொல்லணும்ல."